பூம்புகாருக்கு 11,000 வயசா? ஃபார்வர்டு பண்ணும் முன் இதைப் படிங்க

கடலுக்கடியில் 11,000 ஆண்டு பழமையான தமிழர் நகரம், அதுவும் நம்ம பூம்புகாரில்! கீழ்வேளூர், நாகை பக்கம் வாட்ஸ்அப் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஃபார்வர்டு புதிதல்ல.

இதில் ஒரு பாதி உண்மை. 1990-களின் தொடக்கத்தில், கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனம் பூம்புகார் கரையிலிருந்து சுமார் 5 கி.மீ. தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில் லாட வடிவ அமைப்பு ஒன்றைப் பதிவு செய்தது. 2001-ல் பிரிட்டிஷ் எழுத்தாளர் கிரஹாம் ஹான்காக் அங்கே முக்குளித்தார். அந்த இடம் கடைசியாகத் தரையாக இருந்தது 11,000 ஆண்டுகளுக்கு முன்பு, அதனால் கட்டியதும் அதற்கு முன்புதான் என்பது அவர் வாதம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, இந்த வயசு யாருடையது? கடல் மட்டத்தினுடையது, கல்லினுடையது இல்லை. அது மனிதர் கட்டியதா, இயற்கையாக அமைந்ததா என்பதே இன்னும் முடிவாகவில்லை. அந்த அமைப்பிலிருந்து எடுத்து, ஆய்வகத்தில் காலம் கணித்த ஒரு கரித்துண்டைக்கூட ஹான்காக் காட்டவில்லை.

இப்போ பூம்புகாரை ஒட்டிய கீழையூருக்கு வாங்க (நாகை மாவட்டத்துக் கீழையூர் ஒன்றியம் இல்லை, அது வேற). அங்கே 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை செங்கல் படகுத்துறை ஒன்றைத் தோண்டியெடுத்தது. அதில் நின்ற மரக்கம்பத்தையே கார்பன் சோதனை செய்தார்கள். விடை: சுமார் கி.மு. 3-ம் நூற்றாண்டு. கீழடியிலும் இதே வழிதான். 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரி மாதிரி அமெரிக்க ஆய்வகத்துக்குப் போய், கி.மு. 580 என்று வந்தது. எந்தக் குழி, எந்த ஆழம், எந்த ஆய்வகம் என்று யார் கேட்டாலும் காட்டலாம். சந்தேகம் இருந்தால் கேள்வி கேட்கலாம். ஹான்காக் வகையறாவிடம் கேள்வி கேட்டால், வழக்கமான ஆய்வாளர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள் என்ற பதில்தான் வரும்.

பெருமைக்குத்தானே, இருந்துட்டுப் போகட்டும் என்று விடவும் முடியாது. கீழடியை மட்டம் தட்டக் காத்திருப்பவர்களுக்கு இந்த 11,000 கதை அல்வா மாதிரி. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி ஓரமாக வைத்துவிடுவார்கள்.

நாளைக்கே கீழ்வேளூரில் குளம் தூர்வாரும்போதோ, வீட்டுக்குக் கடக்கால் தோண்டும்போதோ பழைய சிலை, பானை ஓடு தட்டுப்பட்டால் கழுவித் துடைத்து செல்ஃபி எடுக்காதீங்க. எத்தனை அடியில், எந்த மண்ணில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் பாதி வரலாறு இருக்கு. கிடந்தபடியே போட்டோ எடுத்துவிட்டு, விஏஓ அல்லது தாசில்தாரிடம் சொல்லுங்க. 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.