காட்டின் எல்லையும் யானையின் வழியும்

வனவிலங்குகளைக் காப்பது எவ்வாறு என்று நம் மாணவரைக் கேட்டால், பெரும்பாலோர் "சரணாலயம் அமைக்க வேண்டும்" என்றே விடை கூறுவர். அவ்விடை தவறன்று, ஆயினும் அது பாதி விடையே. சரணாலயத்திற்கு வெளியே உள்ள நிலத்தை மனிதர் எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதே மறுபாதியாகும். தமிழ்நாட்டின் வால்பாறை இதற்குத் தக்க சான்று.

கோயம்புத்தூர் மாவட்டத்தில், ஆனைமலைத் தொடரின்மேல் அமைந்தது வால்பாறைப் பீடபூமி. ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இந்நிலத்தில் ஒரு காலத்தில் மழைக்காடு செழித்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் அக்காடு வெட்டப்பட்டு, தேயிலையும் காப்பியும் பயிரிடப்பட்டன. இன்று ஆனைமலைப் புலிகள் காப்பகமும், கேரளத்தின் பரம்பிக்குளம் முதலிய காடுகளும் அதனைச் சூழ்ந்துள்ளன. நடுவில் இருப்பவையோ தோட்டங்களும், துண்டு துண்டாக எஞ்சிய சோலைகளும், தொழிலாளர் குடியிருப்புகளுமே.

காப்பகத்தின் எல்லைக்கோட்டை யானை அறியாது. ஒரு காட்டிலிருந்து மறுகாட்டிற்குச் செல்ல அது தோட்டங்களைக் கடந்தே ஆக வேண்டும். பகலில் ஆற்றோர மரங்களிடையே ஒதுங்கி நிற்கும். இருள் சூழ்ந்தபின் தேயிலைச் சரிவுகளில் நடக்கும். வீடு திரும்பும் தொழிலாளியும் அவ்வேளையில் அவ்வழியே வருகிறார். அங்கு நேர்ந்த உயிரிழப்புகள் பல, அருகில் யானை நிற்பதை அறியாது எதிர்ப்பட்டதால் விளைந்தவை.

இதனை உணர்ந்த ஆய்வாளர்கள், வனத்துறையினரும் தோட்டத்தினரும் துணைநிற்க, 2011ஆம் ஆண்டு முதல் எளியதொரு முறையைக் கையாண்டனர். யானை நிற்கும் இடம் கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தி வாயிலாக மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. யானை அருகில் இருப்பின் எச்சரிக்கும் சிவப்பு விளக்குகளும் ஆங்காங்கே நிறுவப்பட்டன. உயிரிழப்புகள் குறைந்தன.

மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் சிங்கவால் குரங்கின் நிலையும் இத்தகையதே. மரம்விட்டு மரம் தாவி வாழும் இவ்விலங்கு, புதுத்தோட்டம் பகுதியில் சாலை குறுக்கிட்டதால் தரையில் இறங்கி வாகனங்களில் அடிபட்டது. சாலைக்கு மேலே மரங்களை இணைத்துக் கட்டப்பட்ட தொங்கு பாலங்கள் அதற்கு வழியாயின.

மக்களை அங்கிருந்து அகற்றுக என்பார் சிலர். எங்கும் மின்வேலி அமைக்க என்பார் வேறு சிலர். இரண்டும் எமக்கு உடன்பாடல்ல. தலைமுறை தலைமுறையாக அம்மலையில் உழைத்தவர் எங்கே செல்வர்? வழியெல்லாம் வேலியிட்டால், தடுக்கப்பட்ட யானை அடுத்த ஊருக்குள் நுழையும். ஆற்றோர மரங்களை வெட்டாது விடுதல், எஞ்சிய சோலைகளைப் பேணுதல், யானை செல்லும் வழியில் புதிய கட்டடம் எழுப்பாதிருத்தல் ஆகியவையே நிலையான தீர்வாகும். இவற்றின் சுமையை ஏழைத் தொழிலாளி மட்டும் தாங்குவது நீதியன்று. அரசும், தோட்ட உரிமையாளரும், அத்தேயிலையை வாங்கிப் பருகும் நாமும் அதில் பங்கேற்றல் வேண்டும்.

கடல் கடந்து வாழும் நமக்கு யானையை நேசிப்பது எளிது. நம் வாயிலில் யானை வந்து நிற்பதில்லை. மாணவச் செல்வங்களே! வனவிலங்கைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது, அவ்விலங்கின் அருகே வாழும் மனிதரைப் பற்றியும் ஒரு பத்தி எழுதுங்கள். அவர்கள் அச்சமின்றி வீடு திரும்பும் நிலத்தில்தான் யானையும் அச்சமின்றி நடக்க இயலும்.