பறைக்குப் பத்மஸ்ரீ, பறையடிப்பவனுக்கு என்ன?

2025 குடியரசு நாளையொட்டி வந்த பத்மஸ்ரீ பட்டியலில் வேலு ஆசான் பெயர் இருந்தது. பறையிசைக் கலைஞர், மதுரைக்குப் பக்கத்து அலங்காநல்லூர்க்காரர். அன்று முழுக்க எங்கள் கைபேசிகளில் வாழ்த்துச் செய்திதான். நாங்களும் மகிழ்ந்தோம். உலகம் ஜல்லிக்கட்டுக்காக மட்டும் தெரிந்துவைத்திருந்த ஊரைப் பறைக்காகவும் சொல்ல வைத்தவர் அவர். பட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே எத்தனையோ பிள்ளைகளுக்கு அவர் ஆசான்தான்.

ஆனால் வாழ்த்தியவர்கள் எழுதியதைப் படித்தபோது நெருடியது. "பறை தமிழரின் ஆதி இசை, எல்லோருக்கும் பொது" என்றார்கள். பொது என்றால் சரி. ஊரில் ஒரு சாவு விழுந்தால் மட்டும் ஏன் எங்கள் தெருவுக்கு ஆள் வருகிறது?

தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருளில் பறையையும் வைத்திருக்கிறது. பறைதல் என்றாலே சொல்லுதல். இந்தப் பெருமையெல்லாம் எங்களுக்கும் தெரியும். அதே சொல்லிலிருந்து வந்த சாதிப் பெயர்தான் ஆங்கில அகராதியில் 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொருளில் உட்கார்ந்திருக்கிறது. முதல் பாதியைக் கொண்டாடுகிறவர்கள் இரண்டாம் பாதியை ஏன் விழுங்கிவிடுகிறார்கள்?

தீட்டு தோலில் இருக்கிறது என்பார்கள். அதே 2025 பட்டியலில் மிருதங்க வித்துவான் குருவாயூர் துரையும் இருக்கிறார். மிருதங்கத்திலும் மாட்டுத் தோல்தான் பேசுகிறது. அது சபாவுக்குள் போகும்போது ஒட்டாத தீட்டு, பறையில் மட்டும் எப்படி ஒட்டுகிறது? தீட்டு தோலில் இல்லை. யார் கை அதைத் தொடுகிறது என்று பார்க்கும் கண்ணில் இருக்கிறது.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் பறை அதிர்ந்தது. அன்று அது தமிழர் வீரம். போராட்டம் முடிந்து ஊருக்குத் திரும்பியதும் மறுபடி சாவு மேளம்.

இது நமக்கு மட்டும் நடந்த கதை இல்லை, தோழர்களே. அமெரிக்காவின் மிசிசிப்பியில் மெக்கின்லி மார்கன்ஃபீல்ட் என்ற கறுப்பின இளைஞர் ஒரு பண்ணையில் கூலி வேலை பார்த்தார், கிட்டார் வாசித்தார். 1941இல் நாட்டார் பாடல் திரட்ட வந்தவர்கள் அவர் பாட்டை அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்துக்காகப் பதிவு செய்துகொண்டு போனார்கள். பதிவு நூலகத்துக்குப் போனது, அவர் மறுபடி டிராக்டருக்குப் போனார். கூலியைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னார், கிடைக்கவில்லை. 1943இல் சிகாகோவுக்கு ரயிலேறினார். அங்கே மின்கிட்டாரைக் கையில் எடுத்தவர்தான் மடி வாட்டர்ஸ், ப்ளூஸ் இசையின் பெரும் பெயர்களில் ஒருவர். 1950இல் அவர் வெளியிட்ட ஒரு பாட்டிலிருந்துதான் இங்கிலாந்தின் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தன் பெயரை எடுத்துக்கொண்டது. இசையை உலகம் எடுத்துக்கொள்வதும், இசைத்தவன் கூலியாகவே கிடப்பதும் ஒரே நேரத்தில் நடக்கக்கூடியவை. பாராட்டு அவரை அந்தப் பண்ணையிலிருந்து விடுவிக்கவில்லை. அவராகக் கிளம்பியதுதான் விடுவித்தது.

ஒரு வித்தியாசத்தையும் மறைக்கக் கூடாது. சனிக்கிழமை இரவில் அவர்கள் தங்களுக்காகவும் வாசித்தார்கள். எங்கள் தாத்தாக்களும் தங்கள் சாமிக்கு, தங்கள் கல்யாணத்துக்கு அடித்தார்கள். ஆனால் மேலத்தெருச் சாவுக்கு அடிப்பது அவர்கள் தேர்ந்தெடுத்த மேடை இல்லை. அது பிறப்பால் விதிக்கப்பட்ட வேலை. வாசலுக்கு வெளியே நின்று அடித்தார்கள். கூலியாக என்ன கிடைத்ததோ அதைத் துண்டில் ஏந்தினார்கள்.

அதனால்தான் நம் இயக்கத்தில் இரண்டு குரல்கள் எழுந்தன. "பறையை உடை, இனி அடிக்காதே" என்றது ஒன்று. "பறையை எடு, விடுதலைக்கு அடி" என்றது இன்னொன்று. 1927இல் மகாடில் இழிவான வேலைகளை விட்டொழியுங்கள் என்று அண்ணல் சொன்னதன் வழியில் வந்தது முதல் குரல். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் நம் பெண்கள் பறையைக் கையிலெடுத்தது இரண்டாவது குரல். எங்களைக் கேட்டால் இரண்டும் ஒரே உரிமையைத்தான் கேட்கின்றன: எப்போது அடிப்பது, யாருக்கு அடிப்பது, அடிக்காமல் இருப்பது என்பதை நாங்களே முடிவு செய்யும் உரிமை. மாட்டேன் என்று சொல்ல முடிகிறவன் அடித்தால்தான் அது கலை. சொல்ல முடியாதவன் அடித்தால் அது வெட்டி வேலை.

வெட்டி வேலை குற்றம். அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவில் அதற்குத் தண்டனை உண்டு. சாவுக்கு அடிக்க மறுத்ததற்காக ஒரு குடும்பம் மிரட்டப்பட்டால், "ஊர் வழக்கம்" என்று சமாதானம் பேச உட்காராதீர்கள். பிரிவைக் குறிப்பிட்டுப் புகார் எழுதிக் கொடுங்கள்.

அரசுக்கும் ஒன்று சொல்கிறோம். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பாடங்கள். பறைக்கு வாரக் கடைசிப் பகுதிநேரப் பயிற்சி போதும் என்பது எந்தக் கணக்கு? முழுநேரப் பாடமாக்குங்கள். சாவுக்கு அடித்து அடித்துக் கை காய்த்த எங்கள் பெரியவர்களை ஆசிரியராக, மாதச் சம்பளத்தில் உட்கார வையுங்கள். பட்டப்படிப்புச் சான்றிதழ் கேட்டு அவர்களை மறுபடி வெளியே நிறுத்தாதீர்கள்.

வேறு சாதிப் பிள்ளைகள் பறை கற்கக் கூடாதா என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாகக் கற்கட்டும், மகிழ்ச்சி. ஒரே நிபந்தனைதான். மேடையில் மட்டும் அடிக்காதீர்கள். அடுத்த முறை உங்கள் தெருவில் சாவு விழும்போது எங்கள் தெருவுக்கு ஆள் அனுப்பாமல், அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் எடுத்துக்கொண்டு நீங்களே போய் நில்லுங்கள். அன்றைக்கு ஒப்புக்கொள்கிறோம், பறை எல்லோருக்கும் பொதுதான் என்று.

ஜெய் பீம்.