பெட்டியில் வாங்கும் கேமும் இணையத்தில் வாங்கும் கேமும்

பெட்டியில் வாங்கிய கேம் நம் சொத்து, இணையத்தில் வாங்கியது எப்போது வேண்டுமானாலும் கைவிட்டுப் போகலாம் என்ற எண்ணம் மட்டக்களப்பில் இன்னும் பலமாக இருக்கிறது. பிள்ளை கேட்டதற்காகக் காசு கொடுக்கும் பெற்றோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், விளையாடும் இளைஞர்களில் பலரும் அப்படித்தான். இதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரியாமல் ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்பதால் இதை ஆறுதலாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் கணினிக்கான பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் சீடிதான் கேம். விளையாடி முடித்தால் நண்பனுக்குக் கொடுக்கலாம், விற்கலாம். 2004 நவம்பரில் வெளிவந்த ‘ஹாஃப்-லைஃப் 2’ அதை மாற்றியது. கடையில் பெட்டியாக வாங்கியவரும் ஸ்டீம் என்ற இணையச் சேவையில் கணக்கு ஒன்றைத் திறந்து அதில் அந்தக் கேமைப் பதிவு செய்தால்தான் விளையாட முடியும். பதிந்த பிறகு டிஸ்க்கை இன்னொருவரிடம் கொடுத்துப் பயனில்லை. 2015இல் கணினிக்கு வந்த ‘ஜிடிஏ 5’ பெட்டிக்குள் 7 டிவிடிகள் இருந்தன. இணையம் மெதுவான ஊர்களுக்கு அது பெரிய உதவி. அதே ஆண்டில் வந்த ‘மெட்டல் கியர் சொலிட் 5’ பெட்டியிலோ டிஸ்க்கில் ஸ்டீமை நிறுவும் சிறு கோப்பு மட்டுமே இருந்தது. கேம் முழுவதையும் இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டியிருந்தது. இன்று கணினிக்கென்று விற்கப்படும் பெட்டிகள் பலவற்றுக்குள் டிஸ்க்கே கிடையாது, குறியீடு அச்சிட்ட ஒரு தாள்தான் இருக்கும். ஆகவே கணினிக்காரர்கள் கொழும்பு பம்பலப்பிட்டி வரை ஆள் அனுப்பிப் பெட்டி எடுப்பதில் கிடைப்பது, வீட்டிலிருந்தே வாங்கக்கூடிய அதே உரிமைதான். அழகான அட்டையும் வரைபடமும் அலுமாரியில் வைக்க வேண்டும் என்ற ஆசைக்கு வாங்குவது வேறு. அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன்.

பிளேஸ்டேஷன் போன்ற கருவிகளில் கதை மாறுகிறது. அங்கே டிஸ்க்கை உள்ளே போட்டால்தான் கேம் ஓடும். கணக்கோடு அது கட்டப்படுவதில்லை. விளையாடி முடித்தபின் காத்தான்குடியில் இருக்கும் மச்சானுக்கு இரவல் கொடுக்கலாம், களுவாஞ்சிக்குடிக்காரர் ஒருவருக்குப் பாதி விலைக்கு விற்கலாம். 20,000 ரூபாவுக்கு வாங்கி 12,000க்கு விற்க முடிந்தால் உண்மையான செலவு 8,000தான். டிஜிட்டலாக வாங்கியவருக்கு இந்த வழி அறவே இல்லை. சொத்து என்ற எண்ணத்தின் உண்மையான பாதி இங்கேதான் இருக்கிறது.

கத்தாரிலும் சவுதியிலும் வேலை செய்யும் உறவினர் பயணப்பையில் டிஸ்க் கொண்டுவருவது நம் பக்கம் வழக்கம். நல்ல வழிதான், ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடிப்படைக் கேம் எந்த நாட்டு டிஸ்க்கிலும் ஓடும். பிறகு காசு கொடுத்து வாங்கும் மேலதிகப் பகுதிகள், டிஸ்க்கின் வலயமும் கணக்கின் வலயமும் ஒத்திருந்தால்தான் வேலை செய்யும். பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனியின் இணையச் சேவை இயங்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. அதனால் இங்குள்ளவர்கள் வேறொரு நாட்டின் பெயரில் கணக்குத் திறக்கிறார்கள். அது விதிக்கு மாறானது. அந்தக் கணக்கில் சேர்த்துவைத்த டிஜிட்டல் கேம்களுக்கு ஏதும் நேர்ந்தால் முறையிடும் இடமும் நமக்கு இல்லை. 2024 மே மாதத்தில் இது கணினிக்காரர்களையும் தொட்டது. ‘ஹெல்டைவர்ஸ் 2’ கேமைக் கணினியில் விளையாடவும் தன் கணக்கு கட்டாயம் என்று சோனி அறிவித்தபோது, அந்தச் சேவை இல்லாத 170க்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஆட்புலங்களிலும் ஸ்டீமில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. எதிர்ப்பால் கட்டாயம் சில நாட்களில் விலக்கப்பட்டது, விற்பனைத் தடை உடனே நீங்கவில்லை.

இனி விலை. அட்டையும் டிஸ்க்கும் கப்பல் கூலியும் இல்லாத டிஜிட்டல் பதிப்பு ஏன் மலிவாக இல்லை என்று பலர் கேட்கிறார்கள். இணையக் கடை தன் பங்கை எடுக்கிறது. ஸ்டீமில் அது பொதுவாக 30 சதவீதம். பெட்டி விற்கும் பெரிய கடைகளைப் பகைக்கவும் வெளியீட்டாளர்கள் விரும்புவதில்லை. 2025இல் வந்த ‘மாரியோ கார்ட் வேர்ல்ட்’ அமெரிக்காவில் இரண்டு வடிவிலும் 80 டொலர். ஐரோப்பாவில் டிஜிட்டல் 80 யூரோ, பெட்டி 90 யூரோ அளவில் வந்தது. பெரும்பாலும் டிஜிட்டலின் மலிவு வெளியீட்டு நாளில் தெரியாது, சில மாதங்கள் கழித்து வரும் கோடைகால, குளிர்காலக் கழிவு விற்பனைகளில்தான் தெரியும். பாதி விலைக்கும் அதற்குக் கீழும் அப்போது இறங்கும்.

நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. இலங்கை, வங்காளதேசம், பாகிஸ்தான், நேபாளம், பூட்டான் ஆகியவற்றை ஸ்டீம் தெற்காசியா என்ற ஒரே விலை வலயமாக வைத்திருக்கிறது. குறைந்த விலை வைப்பதா என்பதை வெளியீட்டாளரே தீர்மானிப்பதால், சில கேம்கள் அமெரிக்க விலையிலேயே நிற்கும், சில பெரிதும் குறைந்திருக்கும். ஆனால் விலை டொலரில். 2022 தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியபோது, 60 டொலர் கேம் 12,000இலிருந்து 21,600 ரூபாவானது. கேமின் விலை ஒரு சதமும் கூடவில்லை. இன்றும் வங்கியின் டொலர் விற்பனை விகிதத்தையும் அட்டைக் கட்டணத்தையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு 18 சதவீத வற் வரி விதிக்கும் சட்டத் திருத்தமும் 2025இல் நிறைவேறியிருப்பதால், கொடுக்கும் தொகையில் வரி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கைவிட்டுப் போகும் என்ற பயத்துக்கும் ஆதாரம் உண்டு. யூபிசொஃப்டின் ‘த க்ரூ’ கார்ப் பந்தயக் கேமின் சேவையகங்கள் 2024 மார்ச் 31இல் மூடப்பட்டன. காசு கொடுத்து வாங்கியவர்களால் பிறகு அதைத் திறக்கவே முடியவில்லை. டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான், ஏனெனில் தனியாக விளையாடுவதற்குக்கூட அந்தக் கேமுக்கு இணையம் தேவைப்பட்டது. வாங்குவது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லும்படி கலிபோர்னியா 2024இல் சட்டம் இயற்றிய பிறகு, ஸ்டீமும் காசு கட்டும் பக்கத்தில் அதை எழுதிவைத்திருக்கிறது. உண்மையாகவே கையில் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு ஜிஓஜி என்ற கடை பொருத்தம். அங்கே வாங்கும் கேமின் நிறுவல் கோப்பை வெளி ஹார்ட் டிஸ்க்கில் சேமித்து, இணையமே இல்லாமல் நிறுவலாம்.

கொப்பி பண்ணித் தரும் கடைகளிலேயே நம் தலைமுறை கேம் பழகியது. வங்கி அட்டையும் அசல் விற்கும் கடையும் இல்லாத காலம் அது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அப்படிக் கொப்பி பண்ணுவது குற்றம் என்பதோடு, வைரஸ் வந்து படிப்புக்கான லப்டொப்பும் கெடுகிறது. இப்போது சாதாரண டெபிட் அட்டையே போதும். ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திரும்பக் கேட்கலாம். 100 ஜிபிக்கு மேல் இறக்க வேண்டிய கேமென்றால் வீட்டு இணையத் திட்டத்தில் எவ்வளவு மிச்சம் என்று முதலில் பாருங்கள். பெட்டிதான் வேண்டுமென்றால் காசு கொடுக்குமுன் அட்டையின் பின்பக்கச் சிறிய எழுத்தை வாசியுங்கள். உள்ளே டிஸ்க் உண்டா, குறியீடு மட்டுமா, இணையம் எந்நேரமும் தேவையா என்ற மூன்றுக்கும் பதில் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.