எண்ணெய் வித்துக்கு இலக்கு, யூரியாவுக்குச் சலுகை

புது தில்லி: சமையல் எண்ணெய்த் தேவையில் 57 சதவீதத்தை இறக்குமதியே நிறைவு செய்யும் நிலையை மாற்ற, ரூ.10,103 கோடியில் தேசிய எண்ணெய் வித்து இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. 2022-23-இல் 3.90 கோடி டன்னாக இருந்த எண்ணெய் வித்து உற்பத்தியை 2030-31-க்குள் 6.97 கோடி டன்னாக உயர்த்துவது இலக்கு. ஆனால், உர விலைக் கொள்கை இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது.

சோயாவும் நிலக்கடலையும் தமக்குத் தேவையான தழைச்சத்தின் பெரும்பகுதியைக் காற்றிலிருந்தே பெறுகின்றன. வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் வகை பாக்டீரியாக்கள் இப்பணியைச் செய்கின்றன. அதற்கான ஆற்றலுக்கு மணிச்சத்து இன்றியமையாதது. மணிச்சத்து குறைந்தால் முடிச்சுகள் குன்றும். யூரியா மிகுந்தாலும் குன்றும்.

கோளாறு பழையது. உர விலையை 1991 பட்ஜெட்டில் 40 சதவீதம் உயர்த்திய மத்திய அரசு, எதிர்ப்பால் அதை 30 சதவீதமாகக் குறைத்தது. 1992 ஆகஸ்டில் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. யூரியா விலையோ குறைக்கப்பட்டது. 2010-இல் வந்த சத்து அடிப்படையிலான மானியத் திட்டத்திலும் யூரியா சேர்க்கப்படவில்லை.

விளைவு, தமிழக எல்லையை ஒட்டி, ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்திலுள்ள நாகலாபுரத்து நிலக்கடலை விவசாயி வரை எட்டுகிறது. 2025-இல் 45 கிலோ யூரியா மூட்டை வரி நீங்கலாக ரூ.242, 50 கிலோ டிஏபி ரூ.1,350. பயிருக்கு அதிகம் தேவைப்படாதது மலிவு. தேவைப்படுவது ஐந்து மடங்குக்கு மேல்.

பிரேசில் வேறு வழியில் சென்றது. அங்கு சோயா விதைக்கு நுண்ணுயிர் நேர்த்தி செய்து, தழைச்சத்து உரத்தைப் பெரும்பாலும் தவிர்க்கின்றனர். இதற்கு உழைத்த விஞ்ஞானி மரியாங்கேலா ஹுங்கிரியா 2025-ஆம் ஆண்டுக்கான உலக உணவுப் பரிசைப் பெற்றார். ஹெக்டேருக்கு அங்கு 3 டன்னுக்கு மேல் விளைகிறது. இந்தியாவில் சுமார் 1 டன். இந்த வேறுபாட்டுக்கு ரகம், பருவம், மழை எனக் காரணங்கள் பல இருப்பினும், ஊட்டமும் அவற்றுள் ஒன்று.

நுண்ணுயிர் உரம் 2006-இல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வந்தது. தூள் வடிவ ரைசோபியத்தில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிரணுக்கள் இருக்க வேண்டும் என்பது விதி. வெயிலில் கிடந்த பொட்டலத்தில் அவை மடிந்துவிடும். எனவே, தரச் சோதனை ஆலையோடு நில்லாமல் விற்பனைக் கடை வரை நீள வேண்டும்.

யூரியா விலையில் கைவைக்க எந்தக் கட்சியும் எளிதில் துணியாது. எனினும், இயக்கத்தின் கீழ் வழங்கும் விதையுடன் தரமான ரைசோபியத்தையும் சூப்பர் பாஸ்பேட்டையும் சேர்த்தளிக்கத் தடையேதுமில்லை. அதைச் செய்யாவிடில் 6.97 கோடி டன் என்பது ஏட்டளவிலேயே நிற்கும்.