சித்தப்பாவும் 1400 ரூபாய் ட்யூபும்

போன மாசம் ஜமுனாமரத்தூர் போயிருந்தேன். போளூர்லேருந்து பஸ். கொண்டை ஊசி வளைவெல்லாம் குடலைப் பிரட்டிடும், ஆனா மேல ஏறினதும் வீசற காத்துக்கு எல்லாத்தையும் மன்னிச்சுடலாம். ஜவ்வாது மலைத் தேன், சாமைச் சோறு பத்தி தனிப் பதிவு போடறேன் (போன வருஷமும் இதையேதான் சொன்னேன், ஹி ஹி). இப்ச் சொல்ல வந்த மேட்டர் வேற.

அங்க மளிகைக் கடை வெச்சிருக்கற சித்தப்பாவுக்கு நாலு வருஷமா முழங்கையிலயும் முழங்கால்லயும் சோரியாசிஸ். சித்த வைத்தியத்துல காளாஞ்சகப் படைம்பாங்க. வெள்ளை வெள்ளையா செதில் உதிரும். அரிப்பைக் கூட தாங்கிக்கறார். சில்லறையை அவர் கையிலேருந்து வாங்காம "கல்லா மேல வைங்க"ன்னு சொல்றாங்க பாருங்க, அதுதான் தாங்கல. இது ஒட்டுவாரொட்டி இல்லைங்க. தொட்டா வராது.

அன்னிக்கு ஒரு குட்டி ட்யூபை எடுத்துக் காட்டினார். 'க்ரோத் ஃபேக்டர்' க்ரீமாம். 1400 ரூபாய். "புதுத் தோல் வளருமாம்ப்பா."

அங்கதான் சிக்கலே. தோலோட மேலடுக்கு செல் அடியில பொறந்து, மேல வந்து உதிர சாதாரணமா ஒரு மாசம் ஆகும். சோரியாசிஸ்ல இதே வேலை நாலைஞ்சு நாள்ல நடந்துடுது. எதிர்ப்பு சக்தி தப்பா கிளம்பி தோலை விரட்டோ விரட்டுன்னு விரட்டுது. வளர்ச்சியைத் தூண்டற சமிக்ஞைகள் அந்தப் படையில ஏற்கெனவே கூடுதலாத்தான் இருக்கு. அது மேல போய் இன்னும் வளரு வளருன்னு தடவினா? எரியற கொள்ளியில எண்ணெய். கட்டாயம் கெடுதல் பண்ணும்னு நான் சொல்லல. நல்லது பண்ணும்னு நம்ப ஒரு காரணம் வேணுமில்லையா?

இந்த மருந்துகளுக்கு உண்மையான இடம் ஆறாத புண். அமெரிக்காவுல 1997-ல பெகாப்லெர்மின் ஜெல்லுக்கு அனுமதி குடுத்தது சர்க்கரை நோயாளிகளோட கால் புண்ணுக்கு. புண்ணு வேற, படை வேற.

லேசான சோரியாசிஸுக்கு ஸ்டீராய்டு, கால்சிபோட்ரியால், சாலிசிலிக் அமிலம், தார்னு பழகின களிம்புகளே இருக்கு. அமெரிக்காவுல 2022-ல ஸ்டீராய்டு இல்லாத ரெண்டு க்ரீமுக்கும், டாபினரோஃப், ரோஃப்ளுமிலாஸ்ட், அனுமதி கிடைச்சுது. ஆனா ஸ்டீராய்டை மெடிக்கல் கடையில நாமளே கேட்டு வாங்கி மாசக்கணக்கா தடவக்கூடாது. தோல் மெலிஞ்சு போகும், திடீர்னு நிறுத்தினா பல மடங்கா திரும்பி வரும். 2018-ல மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை சீட்டில்லாம விக்கக்கூடாதுன்னு சொன்னது சும்மா இல்ல.

"அப்ப வெட்பாலை?"ன்னார் சித்தப்பா. இலையைத் தேங்காய் எண்ணெயில போட்டு வெயில்ல வெச்சா ஊதாவா மாறுமே, அந்தத் தைலம். சித்த வைத்தியத்துல காலங்காலமா இருக்கறதுதான். செதில் காயாம எண்ணெய்ப் பசையோட இருந்தாலே பாதி நிம்மதி, அதனால நான் அதைக் கேலி பண்ண மாட்டேன். டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிட்டுத் தடவட்டும். மூட்டு வலி இருந்தா அதையும் சொல்லணும், இந்த நோய் மூட்டுலயும் உக்காரும்.

அரை மணி நேரம் பேசினப்புறம், செவ்வாய்க்கிழமை கீழ இறங்கி திருவண்ணாமலையில தோல் டாக்டரைப் பாக்கறேன்னு ஒத்துக்கிட்டார். அன்னிக்குக் கடையை யாரு பாத்துக்கறதுன்னுதான் இப்ப வீட்ல சண்டை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை.