நாலு சொட்டு எண்ணெயும் ஒரு தொழிலாளியின் கையும்

காலை 6 மணிக்குப் பெரும்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் நின்று பாருங்கள். உயர்ந்த அடுக்குமாடி வீடுகளிலிருந்து ஆண்களும் பெண்களும் சாரி சாரியாக வருவார்கள். கையில் சாப்பாட்டுப் பை. கண்ணில் தூக்கம். சோழிங்கநல்லூர், தாம்பரம், கிண்டி என்று வேலை இருக்கும் பக்கம் பஸ் ஏறிப் போவார்கள்.

சென்னையின் கூவம், அடையாறு ஓரங்களில் குடிசை போட்டு வாழ்ந்தவர்கள் இவர்களில் பலர். குடிசை மாற்று வாரியம் கட்டிய வீடுகளில் குடியேற்றப்பட்டவர்கள். 2015-ம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பிறகு வந்தவர்களும் உண்டு. இவர்களில் அநேகருக்கு நிலமோ கடையோ கிடையாது. முதல் என்று இருப்பது ஒன்றுதான். இரண்டு கைகள்!

அந்தக் கைகளைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. கூடவே, அந்தக் கையில் பிடிக்கும் ஒரு சின்னக் கருவியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

துருவுக்கு ஒரு எதிரி

கடலுக்குப் பக்கத்தில் இரும்பு நிம்மதியாக இருக்க முடியாது. உப்புக் காற்று அதைத் தின்றுகொண்டே இருக்கும். பாம்பன் ரெயில் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 1914-ம் ஆண்டு திறந்த பாலம் அது. துரு அரித்துப் பலம் குறைந்ததால், 2022 டிசம்பரில் அதன் மேல் ரெயில் ஓடுவது நின்றது. 2025 ஏப்ரல் 6-ந் தேதி புதுப் பாலம் திறக்கப்பட்டது.

பழைய பாலம் 100 ஆண்டுக்கு மேல் நின்றது எப்படி? துருவைச் சுரண்டிச் சுரண்டிப் பெயிண்டு அடித்த தொழிலாளர்களின் உழைப்பும் அதற்கு ஒரு காரணம்.

முன்பெல்லாம் துரு எடுக்கச் சுத்தியலும் கம்பி பிரஷும்தான். இப்போது காற்றால் ஓடும் கருவி வந்திருக்கிறது. 'நீடில் ஸ்கேலர்' என்று பெயர். பார்ப்பதற்குத் துப்பாக்கி போல இருக்கும். முனையில் கற்றையாகச் சின்னச் சின்ன எஃகு ஊசிகள். கம்ப்ரசரிலிருந்து ரப்பர் குழாய் வழியாகக் காற்று வரும். உள்ளே ஒரு பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடி ஊசிகளை அடிக்கும். நிமிடத்துக்குச் சில ஆயிரம் அடி! துருவும் பழைய பெயிண்டும் பொடிப் பொடியாக உதிரும். வெல்டிங் செய்த இடத்தில் படியும் கசடும் பறந்துவிடும்.

நாள் முழுக்கச் சுரண்ட வேண்டிய இடத்தைச் சீக்கிரம் முடித்து விடலாம். நல்ல கருவிதான். ஆனால் ஒரு விஷயம். அந்த அடி இரும்புக்கு மட்டும் போவதில்லை. பிடித்திருக்கும் கைக்கும் வருகிறது.

விரல் மரத்துப் போவது ஏன்?

1918-ம் ஆண்டு. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் பெட்போர்டு என்று ஓர் ஊர். அங்கே சுண்ணாம்புக் கல் செதுக்கும் தொழிலாளர்கள் காற்றுச் சுத்தியல் பிடித்து வேலை செய்தார்கள். குளிர் நாளில் அவர்கள் விரல்கள் வெளுத்து மரத்துப் போயின. அலிஸ் ஹாமில்டன் என்ற பெண் டாக்டர் அங்கே போய் ஆராய்ந்தார். கருவியின் அதிர்வுதான் காரணம் என்று எடுத்துக் காட்டினார்.

விரலுக்கு ரத்தம் கொண்டு போகும் சின்னக் குழாய்கள் சுருங்குகின்றன. உணர்ச்சி தரும் நரம்புகள் கெடுகின்றன. இதுதான் நடப்பது.

நம் ஊரில் ஓர் ஆபத்து உண்டு. சென்னையில் குளிர் கிடையாது. அதனால் விரல் வெளுப்பது அவ்வளவாகத் தெரியாது. மரத்துப் போவதும், ஊசி குத்துவது போன்ற குறுகுறுப்பும்தான் முதலில் தெரியும். "வேலை செய்த அசதி" என்று சொல்லித் தொழிலாளி படுத்து விடுவார். மனைவியும் தைலம் தேய்த்து விடுவார். நோய் மட்டும் வளர்ந்துகொண்டே போகும்.

ஆரம்பத்தில் கண்டு வேலையை மாற்றிக்கொண்டால் மேலும் கெடாமல் தடுக்கலாம். முற்றிவிட்டால் கை பழையபடி ஆவது கடினம்.

ஒரு சின்னக் கணக்கு

"கருவியைச் சரியாக வைத்துக் கொண்டால் இவ்வளவு பெரிய வித்தியாசம் வருமா?" என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அதிர்வை அளக்க ஓர் அளவு உண்டு. பிரிட்டனில் 2005-ம் ஆண்டு இதற்கென்று தனி விதி வந்தது. 8 மணி நேர வேலைக்கு 5 என்ற அளவைத் தாண்டவே கூடாது. 2.5 வந்தாலே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும்.

துரு தட்டும் கருவியின் அதிர்வு எவ்வளவு? புது மாதிரிக் கருவி என்றால் 5 முதல் 7 வரை. பழைய மாதிரி என்றால் 10 முதல் 25 வரை. இது பிரிட்டன் அரசாங்கத்தின் தொழில் பாதுகாப்புத் துறை சொல்லும் கணக்கு.

அதிர்வு இரண்டு மடங்கானால் வேலை நேரம் பாதியாகக் குறைந்தால் போதாது. கால் பங்காகக் குறைய வேண்டும். 5 அளவுள்ள கருவியை 8 மணி நேரம் பிடிக்கலாம் என்றால், 10 அளவுள்ள கருவியை 2 மணி நேரம்தான் பிடிக்கலாம். 20 என்றால் அரை மணி நேரம்தான்!

ஊசி தேய்ந்து, எண்ணெய் வற்றி, உள்ளே துருப் பிடித்த கருவி அதிகமாகத்தான் அதிரும். வேலையும் மெதுவாக நடக்கும். எனவே இன்னும் அதிக நேரம் பிடிக்க வேண்டி வரும். அடி மேல் அடி என்பது இதுதான்.

கருவியைப் பேணுவது எப்படி?

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் காற்றை மூடுங்கள். ஊசி மாற்றுவதற்கும், கழற்றுவதற்கும், துடைப்பதற்கும் முன்னால் இதுதான் முதல் வேலை. மூடினால் மட்டும் போதாது. குழாயில் காற்று மிச்சம் இருக்கும். விசையை அழுத்தி அதை வெளியே விடுங்கள். பிறகு குழாயைக் கழற்றுங்கள். அதற்குப் பிறகே கருவியைத் திறக்க வேண்டும். காற்று இருக்கும்போது திறந்தால் ஊசி குண்டு போலப் பாயும்.

இரண்டாவது, தண்ணீர். கடற்கரை ஊரின் காற்றில் ஈரம் அதிகம். கம்ப்ரசர் தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கும். அது கருவிக்குள் போனால் துருப் பிடிக்கும். துருவை எடுக்கும் கருவியே துருப் பிடித்தால் வேடிக்கை அல்லவா? தினமும் தொட்டியின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்து விடுங்கள்.

மூன்றாவது, எண்ணெய். வேலை தொடங்கும் முன்பு, காற்று நுழையும் துளையில் நாலைந்து சொட்டு விடுங்கள். வேலை முடிந்த பிறகும் விட்டுச் சில விநாடி ஓட்டி வையுங்கள். காற்றுக் கருவிக்கென்று விற்கும் எண்ணெயே நல்லது. மண்ணெண்ணெய், டீசல் கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

நான்காவது, ஊசி. தேய்ந்த ஊசியையும் வளைந்த ஊசியையும் விட்டு வைக்காதீர்கள். ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் நீளம் ஏறுமாறாக இருக்கும். செட்டாக மாற்றுவதே சரி.

ஐந்தாவது, குழாய். வெடித்த குழாயைத் துணி சுற்றி ஓட்டாதீர்கள். இணைப்பைக் கட்டுக் கம்பியால் முறுக்காதீர்கள். சரியான கிளாம்பு போடுங்கள். பிடுங்கிக்கொண்ட குழாய் பாம்பு போலத் துள்ளிச் சுழன்று ஆளை அடித்துவிடும்.

இன்னும் இரண்டு விஷயங்கள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, கருவியில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் காற்றை ஏற்றாதீர்கள். ஊசியை இரும்பின் மேல் வைக்காமல் வெறும் வெளியில் ஓட்டாதீர்கள். அந்த அடி முழுவதும் கருவியின் உள்பாகத்தில்தான் விழும்.

வீட்டுக்கு வரும் விஷம்

கண்ணாடியும், முகமூடியும், காதடைப்பானும் இல்லாமல் இந்த வேலை செய்யக் கூடாது. சத்தம் காதைக் கெடுக்கும். பொடி நுரையீரலைக் கெடுக்கும்.

பழைய பாலம், பழைய கப்பல், பழைய தொட்டி ஆகியவற்றின் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உதிரும் பொடி சட்டையில் ஒட்டும். அதே சட்டையோடு வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்கினால் ஈயம் குழந்தைக்கும் போகும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எனவே வேலைச் சட்டையை வேலை இடத்திலேயே மாற்றுங்கள். கை முகம் கழுவி விட்டு வீட்டுக்கு வாருங்கள். அந்தச் சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும். சட்டையில் உள்ள தூசியைக் காற்றுக் குழாயால் ஊதாதீர்கள். அது உடம்புக்கே ஆபத்து.

பொறுப்பு யாருக்கு?

இவ்வளவும் தெரிந்தால் போதுமா? இங்கேதான் சிக்கல். கருவி பெரும்பாலும் வாடகைக் கருவி. பழுது பார்க்கச் சொன்னால், கடைக்காரர் காண்டிராக்டரைக் கைகாட்டுவார். அவர் மேஸ்திரியைக் கைகாட்டுவார். மேஸ்திரி தொழிலாளியைக் கைகாட்டுவார். தொழிலாளி யாரைக் காட்டுவது? அவர் கை ஏற்கெனவே மரத்துப் போயிருக்கிறது!

2025 நவம்பர் 21-ந் தேதி புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நாடு முழுவதும் அமலுக்கு வந்தன. அவற்றில் ஒன்று தொழில் பாதுகாப்பு பற்றியது. வேலை இடத்தில் ஆபத்து இல்லாமல் பார்ப்பது வேலை கொடுப்பவரின் கடமை என்று அது சொல்கிறது. வேலைக்கு நியமனக் கடிதம் தர வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை இலவச மருத்துவச் சோதனை செய்ய வேண்டும்.

வரவேற்க வேண்டிய சட்டம். ஆனால் ஓட்டைகளும் இருக்கின்றன. 20 வயதில் கருவி பிடிக்கிற பையனுக்கு 40 வயதில் சோதனை செய்து என்ன பயன்? பொதுவாக 10 தொழிலாளர் இருக்கும் இடத்துக்குத்தான் இந்தச் சட்டம். நாலு பேர் வேலை செய்யும் பட்டறைகள் எத்தனை! மேலும், அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் சத்தத்தால் காது கெடுவது இருக்கிறது. அதிர்வால் கை கெடுவது இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-ம் ஆண்டு வெளியிட்ட பட்டியலில் அது உண்டு. பிரிட்டன் 1985-ம் ஆண்டே அதைத் தொழில் நோயாக ஏற்றது.

பட்டியலில் இல்லாத நோயை யாரும் எண்ணுவதில்லை. எண்ணாத நோய்க்கு யாரும் வழி தேடுவதில்லை. இந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பது அரசாங்கத்துக்குக் கஷ்டமான காரியம் அல்ல. அதிர்வுக் கருவி பிடிப்பவர்களுக்கு வயது பாராமல் சோதனை என்று விதி செய்வதும் அப்படித்தான்.

இன்றே செய்யுங்கள்

உங்கள் வீட்டில் இந்த வேலை செய்பவர் இருக்கிறாரா? பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். சட்டைப் பொத்தான் போடக் கஷ்டமாக இருக்கிறதா? டம்ளர் கை நழுவி விழுகிறதா? இரவில் விரல் குறுகுறுத்து விழிப்பு வருகிறதா?

ஆம் என்றால், சும்மா இருக்காதீர்கள். டாக்டரிடம் போங்கள். சர்க்கரை வியாதியிலும் இப்படி வரும். எனவே என்ன கருவி, எத்தனை ஆண்டு, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். பீடி, சிகரெட்டை நிறுத்தச் சொல்லுங்கள். அவை ரத்தக் குழாயை மேலும் சுருக்கும்.

காண்டிராக்டர்களே! கருவி தேய்ந்தால் வேறு கருவி வாங்கலாம். கை தேய்ந்தால் எந்தக் கடையில் வாங்குவது? நாளைக் காலை வேலை தொடங்கும் முன்பு கம்ப்ரசர் தண்ணீரை வடித்து விடுங்கள். ஊசியைப் பாருங்கள். நாலு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஐந்து நிமிடத்தில் முடியும் காரியம். ஒரு குடும்பத்தின் சோறு அதில் இருக்கிறது.