விளையாட்டுப் பொருளா, கல்விக் கருவியா?

மலையகத்து மாணவனுக்குக் கணினி எதற்கு என வினவியோர் இன்று அவ்வினாவைக் கைவிட்டுவிட்டனர். அதனிடத்தில் வேறொரு கருத்து வந்து குடியேறியுள்ளது. கணினியை அவன் பாவிக்கலாம். அதனைத் திறந்து பார்க்கவோ, அதனோடு பிறிதொன்றைப் பொருத்தவோ முயலலாகாது என்பதே அது. பழைய விளையாட்டு இயந்திரமொன்றின் இயக்கப்பிடியை வீட்டுக் கணினியோடு இணைக்க முற்படும் இளைஞனை நோக்கி, ‘வீண்வேலை’ என நகைப்போர் இக்கருத்துக்கே குரல் கொடுக்கின்றனர். அந்நகைப்பு எத்துணை அறியாமையின்பாற்பட்டது என்பதை ஆராய்தல் அவசியமாகும்.

முதற்கண் இவ்வேலை யாதென நோக்குவோம். 1978இல் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’, 1980இல் ‘பாக்மேன்’ என்பன யப்பானிலே தோன்றி, காசு போட்டு விளையாடும் இயந்திரங்களை உலகெங்கும் பரப்பின. அவ்வகை இயந்திரங்களின் இயக்கப்பிடியிலே மந்திரம் ஏதுமில்லை. திசைகள் நான்கிற்கும் நான்கு ஆளிகள். பொத்தான் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளி. அனைத்துக்கும் பொதுவான ஒரு கம்பி. பிடியைச் சாய்த்தால் ஆளி மூடும்; மின்சுற்று நிறைவுறும். 1977இல் வெளிவந்த அட்டாரி வீட்டு விளையாட்டுக் கருவியின் பிடியும் இம்முறையையே ஒன்பது முனைச் செருகியொன்றிற் கொண்டிருந்தது. 1982இல் வந்த கொமடோர் 64 கணினி அச்செருகியை நேரடியாகவே ஏற்றது. இன்றைய கணினியில் அவ்வாயில் இல்லை, யூ.எஸ்.பி. வாயிலே உண்டு. ஆகவே இரண்டிற்கும் இடையே மொழிபெயர்ப்பாளன் ஒருவன் வேண்டும். ஆர்டுயினோ லியனார்டோ போன்ற சிறு நுண்கட்டுப்படுத்திப் பலகை அப்பணியை ஆற்றுகின்றது. ஆளி மூடியதை உணர்ந்து, சாவிப்பலகையில் ஒரு சாவி அழுத்தப்பட்டதாக அது கணினிக்கு அறிவிக்கின்றது.

இவ்வளவுதானா என எண்ணற்க. உலோகத் தொடுகைகள் ஒன்றையொன்று முட்டுங்கால் சில மில்லிசெக்கன்கள் துள்ளுகின்றன. ஒருமுறை அழுத்தியதைக் கணினி பலமுறையாக எண்ணிவிடும். துள்ளல் அடங்கும்வரை பொறுத்திருக்குமாறு நிரல் எழுதவேண்டும். செகா மெகா டிரைவ் கருவியின் பிடியும் அதே வடிவச் செருகியை உடையது; ஆயின் அதனுள்ளே மின்வழங்கலை வேண்டிநிற்கும் சில்லொன்று உண்டு. புறவடிவம் ஒன்றாதலால் அகமும் ஒன்றென நம்புவோன் ஏமாறுவான். அளந்தறிந்த பின்னரே இணைத்தல் வேண்டும் என்னும் ஒழுக்கத்தை எப்பாடநூல் இதனினும் தெளிவாகப் புகட்டும்?

பழையதைப் புதியதோடு பொருத்துதல் மலையகத்துக்குப் புதிதுமன்று. தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்தைச் சுருட்டும் உருளைப்பொறிகளை ஒருகாலத்தில் நீண்ட சுழல்தண்டும் பட்டிகளுமே இயக்கின. பின்னர் அவை மின்மோட்டாருக்கு மாற்றியமைக்கப்பட்டன. அவ்வேலையை எவரும் விளையாட்டென்று இகழ்ந்திலர். தோட்டத்தின் வருவாய்க்காகச் செய்யப்படின் அது தொழினுட்பம். தோட்டத்துப் பிள்ளை தன் அறிவுக்காகச் செய்யின் அது வீண்வேலை. இஃதென்ன நியாயம்?

இதனினும் வலிய மறுப்பொன்று உண்டு. ‘மலையக மக்கள் என்றும் பிறரது மிச்சத்தையே பெற்றனர், கழித்தெறிந்த பொருளைப் போற்றச் சொல்வது அடிமை மனப்பான்மை’ என்பர் சிலர். இம்மறுப்பின் பின்னுள்ள வேதனை மெய்யானது. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபாவாக உயர்ந்தது 2021இலேயே. மறு ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாகவிருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை அண்மியது. இறக்குமதிப் பொருள்கள் எட்டாக்கனியாயின. 2021இல் பதுளை மாவட்டத்து மலைக்கிராமமொன்றின் மாணவர், இணையச் சமிக்ஞை தேடிப் பாறையேறிய செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. இக்குறைகளுக்குப் பழைய இயக்கப்பிடி மருந்தாகாது. புதிய கணினிகளையும் இணைய வசதியையும் கோரும் உரிமை ஒருபோதும் கைவிடப்படலாகாது. எனினும் கழிவை ஏற்றல் வேறு. பிறர் கழித்ததன் உள்ளமைப்பை அறிந்து தன் தேவைக்கு ஆக்கிக்கொள்ளுதல் வேறு. முன்னது இரத்தல், பின்னது ஆளுதல்.

தேவை என்பதும் வெறும் விளையாட்டன்று. விரல்கள் இயங்காத பிள்ளைக்குச் சாவிப்பலகை ஒரு மதில். 2018இல் மைக்ரோசொப்ட் நிறுவனம், இத்தகையோருக்கெனப் பெரிய பொத்தான்களும் வெளி ஆளிகளைச் செருகும் துளைகளும் கொண்ட கருவியொன்றை வெளியிட்டது. அதன் அடிப்படைத் தத்துவம் மேற்கூறியதே. பழைய இயந்திரத்தின் அகன்ற பொத்தான் இரண்டினைப் பலகையொன்றிற் பொருத்தி, நுண்கட்டுப்படுத்தியோடு இணைத்தால், உள்ளங்கையாலோ முழங்கையாலோ அப்பிள்ளை கணினியை இயக்கலாம். தன் வகுப்பிலுள்ள அத்தகைய பிள்ளைக்காக அதனைச் செய்யும் மாணவனைப் பார்த்து நகைக்க எவருக்குத் துணிவு வரும்?

பதுளையிலே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005இல் நிறுவப்பட்டது. பசறையிலும் ஆப்புத்தளையிலும் உள்ள தோட்டப் பாடசாலைகளுக்கு அது தொலைவிலில்லை. விடுமுறை நாளொன்றிலே ஒரு மேசை, ஒரு பற்றாசுக்கோல், ஒரு பன்மானி, கற்பிக்க மனமுள்ள மாணவர் இருவர் — இவை போதும். இச்சிறு பணியையும் செய்யாது, தகவல் தொழினுட்ப யுகம் மலையகத்தை எட்டிவிட்டது என மேடைகளில் முழங்குதல் வெற்றாரவாரமேயாகும்.